பின்சீற்றிலை ஒரு பள்ளம்

ராத்திரி ஒண்டரை மணி இருக்கும். தெல்லிப்பழையிலை இருந்து வந்து, மருதனார்மடத்தாலை உரும்பிராய்ப் பக்கம் திரும்புற ரோட்டு. ரெண்டு பக்கமும் வாழைத்தோட்டம். மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான். ஒரு வீட்டிலையும் லைற் இல்லை. நாய் கூடக் குலைக்கேல்லை...

அந்த ரோட்டாலை ஒரு வெள்ளை வாடகைக் கார் வருது. மெல்ல. எவ்வளவு மெல்ல எண்டால், சைக்கிள்காரன் முந்திக்கொண்டு போவான். அவ்வளவு மெல்ல.

பின்சீற்றிலை ஒரு மனுசன் சாகக் கிடக்கிறார். பேர் கதிரவேலு. தலை மோன்ரை மடியிலை. கதவுக்கு மேலை கையாலை பிடிக்கிறதுக்கு ஒரு பிடி இருக்குமெல்லே... அதை இறுக்கிப் பிடிச்சபடி கிடக்கிறார். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலை சொல்லிப்போட்டினம், இனிச் செய்ய ஒண்டுமில்லை, விருப்பமெண்டால் வீட்டை கொண்டு போங்கோ எண்டு. எங்கடை ஆக்கள் அப்பிடித்தானே. ஆஸ்பத்திரிக் கட்டிலிலை சாகவிடமாட்டினம். மூச்சு இருக்கேக்கையே வீட்டை கொண்டு போய்ச் சேர்த்திட வேணும்.

வழி நெடுக அந்த மனுசன் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"மோனை... வீடு வந்திட்டுதோ?"

"இல்லையப்பா. இப்பதான் மருதனார்மடம்."

கொஞ்ச நேரம் இழுத்து இழுத்து மூச்சு. பிறகும்...

"வீடு வந்திட்டுதோ?"

வந்தது. உயிரோடை வந்து சேர்ந்தார். அவற்றை மனுசி கரண்டியாலை தண்ணி பருக்கினா. மனுசியைப் பாத்தார், சாமிப் படத்தைப் பாத்தார், விடியக் கண் மூடிட்டார். நல்ல சாவு எண்டு ஊரே சொன்னது. ஒண்டுதான் குறை. காருக்கை ஏத்தி இறக்கேக்கை ஒரு காலின்ரை செருப்பு எங்கையோ துலைஞ்சு போச்சு. ஒற்றைச் செருப்போடைதான் மனுசன் வீட்டை வந்தது. செத்தவீட்டு அவதிக்குள்ளை அதை ஆர் தேடுறது?

"இதிலை பேய் எங்கை அண்ணை?" எண்டு பக்கத்திலை போர்வைக்குள்ளை கிடக்கிற டினேஸ் கேக்கிறான்.

பொறடா. நாளைக்கு நீ பழைய கார் ஒண்டு பாக்கப் போறாயெல்லே, அதுக்குத்தான் இதைச் சொல்லுறன். உந்த ஹீற்றரைக் கொஞ்சம் குறை, சத்தம் போடுது. போர்வையை இஞ்சாலையும் விடு. நிருஷன், நீயே சொல்லன். கதிரவேலு உன்ரை பெரியப்பா தானே.

நிருஷன் யன்னலடியிலை இருக்கிறான். வாய் திறக்கேல்லை. வெளியிலை இந்த வெளிநாட்டுப் பனி கொட்டுறதைப் பாத்துக்கொண்டு இருக்கிறான்.

சரி. நானே சொல்லுறன். பிழையெண்டால் அவன் மறிக்கட்டும்.

அந்த மோன்ரை பேர் மயூரதன். நிருஷன்ரை பெரியம்மா மோன். தேப்பன்ரை ஒரு வருச ஆட்டைத் திவசம் முடிஞ்ச கையோடை அவன் ஒரு கார் வாங்க வெளிக்கிட்டான். தாய் மீனாம்பிகைக்குக் கண் சரியில்லை. ரெண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து, ஆளின்ரை உருவம்தான் தெரியும், முகம் தெரியாது. அவவைக் கிளினிக்குக்கு ஏத்தி இறக்கவேணும். வெளியிலை இருந்து கார் இறக்கிறதை நிப்பாட்டி வைச்சிருந்த காலம் அது. பழைய காருக்குத்தான் அடிபாடு. சாவகச்சேரியிலை ஒரு இடத்திலை ஒண்டு நிக்குதெண்டு கேள்விப்பட்டுப் போனான்.

கடும் நீலக் கார். மீற்றரிலை எண்பத்து நாலாயிரம்.

"குருநகரிலை ஒரு வயசுபோன மனுசன்ரை கார் தம்பி. கிழமைக்கு ஒருக்காப் பூசைக்குப் போக மட்டும்தான் வெளியிலை எடுக்கிறவர்" எண்டு விக்கிறவன் சொன்னான்.

"எல்லாப் பழைய காரும் பூசைக்குத்தான் அண்ணை போறது. ஒண்டும் கள்ளுத் தவறணைக்குப் போறேல்லை" எண்டு டினேஸ் சிரிக்கிறான்.

சிரி, சிரி. மயூரதனும் உன்னை மாதிரித்தான். யூரியூப்பைப் பாத்து எல்லாம் பாடமாக்கிக்கொண்டு போனவன். ஓடின தூரத்தைக் குறைச்சுக் காட்ட மீற்றரைப் பின்னாலை சுத்தியிருக்கோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? பிறேக் பெடலின்ரை ரப்பர் வழுக்கையாத் தேஞ்சிருக்கோ? ஸ்ரியரிங்கிலை கை பிடிக்கிற இடம் மினுங்குதோ? றைவர் சீற்றிலை ஏறி இறங்கிற விளிம்பு அமுங்கியிருக்கோ? பெல்ற்றை முழுக்க இழுத்துப் பார், ஓரத்திலை நூல் கிளம்பியிருக்கோ? மீற்றர்ப் பெட்டியைச் சுத்தி இருக்கிற ஆணியிலை கீறல் கிடக்கோ? எல்லாம் பாத்தான். குனிஞ்சு பாத்தான், ரோர்ச் அடிச்சுப் பாத்தான். எல்லாம் சரி.

ஏன் சரி? சுத்துறவங்களும் அந்த யூரியூப்பைத்தானே பாக்கிறாங்கள். ரப்பர் புதுசு. ஸ்ரியரிங் உறை புதுசு. றைவர் சீற்றும் வேறை.

அவன் பாத்ததெல்லாம் முன்பக்கம். பின்கதவைத் திறந்தான், மூடினான். அவ்வளவுதான். பின்சீற்றிலை ஏறி இருந்து பாக்கேல்லை...

வாங்கிக்கொண்டு வந்து, சக்கரத்துக்குத் தேசிக்காய் வைச்சு, தேங்காய் உடைச்சு, தாயைப் பின்னாலை ஏத்திக்கொண்டு கோயிலுக்குப் போனான். பாதி வழியிலை தாய் சொன்னா:

"மோனை, இந்தச் சீற் என்னை உள்ளுக்கை இழுக்குதடா."

இறங்கிப் பாத்தான். பின்சீற்றிலை இடப்பக்கம் ஒரு பள்ளம். ஆள் ஒண்டு வளைஞ்சு கிடந்த மாதிரி. மேலை கையாலை பிடிக்கிற பிடி... மற்றக் கதவுகளிலை கறுப்பு. அந்த ஒண்டு மட்டும் தேஞ்சு வெள்ளையாப் போயிருக்கு. கிட்ட மூக்கை வைச்சான். டெற்றோல் மணம். அதுக்குள்ளை, நோயாளியளுக்கு உரிச்சுக் குடுக்கிற தோடம்பழ மணமும்.

கிழமைக்கு ஒருக்காப் பூசைக்குப் போன மனுசன்ரை கார். அதுக்குப் பின்னாலை ஆர் இவ்வளவு காலமும் கிடந்தது?

அப்பதான் விளங்கிச்சு, மீற்றர் சுத்தின கார் எண்டு. ஏமாந்து போனதை வெளியிலை சொல்ல வெக்கம். சரி, ஓடுமட்டும் ஓடட்டும் எண்டு விட்டான்.

பிறகு ஒரு நாள் காலமை காரை எடுக்கேக்கை பாத்தான். மீற்றர் ஏறியிருக்கு. முதல் நாள் நிப்பாட்டினதிலை இருந்து நூறு கிலோமீற்றருக்குக் கிட்டக் கூட. மறுநாளும் ஏறிச்சு. ஒரு நாள் இருபது, ஒரு நாள் நூற்றிருபது. ஆரோ காரைக் களவா எடுத்து வாடகைக்கு ஹயர் ஓடுறாங்கள் எண்டு நினைச்சான். படலைக்குச் சங்கிலி போட்டான். சாவியைத் தலையணைக்குக் கீழை வைச்சான். அப்பவும் ஏறிச்சு. ஆனா பெற்றோல் முள்ளு அசையேல்லை. நிலத்திலை ரயர் அடையாளம் இல்லை. விடிய எழும்பி பொனற்றிலை கை வைச்சுப் பாத்தால்... பச்சைத் தண்ணி மாதிரிக் குளிர்.

ஒரு நாள் ராத்திரி காருக்குள்ளையே இருந்து பாக்கிறதெண்டு முடிவெடுத்தான். றைவர் சீற்றிலை இருந்தான். சாவி இடுப்பிலை கட்டின சாரத்து மடிப்புக்குள்ளை. கண்ணாடி எல்லாம் ஏத்தியாச்சு. தவளைச் சத்தம் மட்டும் கேக்குது...

அந்தச் சத்தமும் நிண்டுது.

பின்கதவு சாத்துப்படுற சத்தம். டப். ஆனா கதவு திறக்கவேயில்லை.

பின்சீற் ஸ்ஸ்ஸ் எண்டு அமுங்குது. காத்துப்போற மாதிரி. மெல்ல.

சாவி போடாத காரிலை மீற்றர் லைற் பச்சையா எரிஞ்சுது. நம்பர் அசையத் தொடங்கிச்சு. ஒண்டு... கனநேரம் கழிச்சு இன்னொண்டு... சைக்கிள் வேகத்திலை. கார் நிண்ட இடத்திலை நிக்குது. நம்பர் மட்டும் போகுது. அவன்ரை பிடரிக்குப் பின்னாலை ஆரோ இழுத்து இழுத்து மூச்சு விடுகினம். தோடம்பழ மணம் மூக்கை அடைக்குது. திரும்பிப் பாக்கக் கழுத்து வரேல்லை. சாரம் நனைஞ்சு போச்சு.

நம்பர் ஓரிடத்திலை நிண்டுது. அப்ப ஒரு சத்தம்...

கரண்டி கிண்ணத்திலை படுற சத்தம். கிணிங்.

சீற் மேலை எழும்பிச்சு.

அப்பாடா எண்டு மூச்சு விட்டிருப்பான்... டப். திரும்பவும் கதவு. திரும்பவும் ஸ்ஸ்ஸ். அடுத்த ஆள். இந்த முறை சின்ன மூச்சு. பொம்பிளை ஆளாக்கும். விடியுமட்டும் இப்பிடித்தான். ஒராள் இறங்க ஒராள்.

(டினேஸ் இப்ப சிரிக்கேல்லை. போர்வையைக் கழுத்து மட்டும் இழுத்திட்டான்.)

காய்ச்சல் வந்து ரெண்டு நாள் கிடந்தான். எழும்பின உடனை, காரை விக்கிறதெண்டு கழுவத் தொடங்கினான். பின்சீற்றைக் கழட்டினான். சீற்றுக்கும் தகரத்துக்கும் இடையிலை என்னவோ கையிலை பட்டுது. இழுத்தெடுத்தான்.

ஒற்றைச் செருப்பு. இடது கால்.

அறுந்த வாருக்குச் செப்புக் கம்பி சுத்திக் கட்டியிருக்கு. அந்தக் கம்பியை ஆர் சுத்தினது எண்டு அவனுக்குத் தெரியும். தேப்பன் சுத்தேக்கை பக்கத்திலை இருந்து, கம்பி முறுக்கிற குறட்டைப் பிடிச்சுக் குடுத்தவனே அவன்தான்.

வெள்ளைக் கார். நீலம் அடிச்சிருக்கிறாங்கள். அண்டைக்கு ராத்திரி, சாகக் கிடக்கிற தேப்பனை மடியிலை வைச்சுக்கொண்டு ஆர் கார் நம்பர் பாக்கிறது?

கார்ப் புத்தகத்திலை பழைய சொந்தக்காரற்றை பேர் கிடந்தது. அடைக்கலநாதன், குருநகர். தேடிப் போனான். கை நடுக்கம் வந்து ஓட்டத்தை விட்ட மனுசன். அந்தோனியார் படத்துக்குக் கீழை கதிரையிலை இருந்தார். செருப்பைக் கண்ட உடனை ஆளை மட்டுக்கட்டிட்டார்.

"உரும்பிராய்... கதிரவேலுவின்ரை மோனெல்லே? வழி நெடுக 'வீடு வந்திட்டுதோ' எண்டு கேட்ட மனுசன்."

"ஓம்."

"ஆஸ்பத்திரி வாசல்லை இருந்து கனபேரை நான் அந்தக் காரிலை வீட்டை கொண்டு போய்ச் சேர்த்தனான் ராசா. சைவம், கிறிஸ்தவ வேதம் எண்டு பாக்கேல்லை. எல்லாரும் கடைசிப் பயணம் போறவை. குலுங்கப்படாதெண்டு மெல்லத்தான் ஓடுவன். கொப்பர்தான் கடைசி. உங்கடை வாசல்லை இறக்கிப்போட்டு மீற்றரைப் பாத்தன். ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். முழுசா வந்து நிண்டுது. சரி, இதோடை காணும் எண்டு விட்டனான்."

"இப்ப மீற்றரிலை அது இல்லை ஐயா. எண்பத்து நாலுக்குச் சுத்திப்போட்டாங்கள். இரவிலை தானா ஏறுது."

மனுசன் அந்தோனியார் படத்தை நிமிந்து பாத்தார்.

"சுத்திப்போட்டாங்களோ? அப்ப... நான் போன பயணம் எல்லாம் போகாத மாதிரித்தானே. அப்ப அவையள் எல்லாம் திரும்ப ஆஸ்பத்திரி வாசல்லை தானே நிப்பினம்..."

மயூரதன் கையிலை இருந்த செருப்பைப் பாத்தான்.

"அப்பாவுமோ?"

"அவரும்தான். ஆனா போன வரிசையிலைதான் ஒவ்வொருத்தராப் போய்ச் சேருவினம் போலை கிடக்கு. கொப்பர் கடைசி. நீ ஒண்டும் செய்யாதை. காரை வித்துக் கித்துப் போடாதை. அந்தப் பழைய நம்பர் வாற அண்டைக்கு அவர் தானா வீட்டை வந்திடுவார்."

மயூரதன் எழும்பி வாசலுக்கு வந்திட்டான். பின்னாலை இருந்து மனுசன் கூப்பிட்டார்.

"தம்பி, அவசரப்பட்டு அவரை ஏத்தப் போகாதை. அப்பிடித்தான் போனாலும் பேர் சொல்லிக் கூப்பிடு. நான் ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லித்தான் ஏத்தினனான், பேர் சொல்லித்தான் இறக்கினனான். அங்கை நிக்கிறவை கனபேர். எல்லாருக்கும் வீட்டை போற அவசரம்."

காத்திருந்தான். தொண்ணூறு வந்தது, தொண்ணூற்றைஞ்சு வந்தது, ஒரு லட்சமும் தாண்டிச்சு. மாதக் கணக்கா. ஆருக்கும் சொல்லேல்லை, தாய்க்குக் கூட. பிறகு மாரி தொடங்கிச்சு. கார்த்திகை மழை தெரியும்தானே. ஒரு நாள் பின்னேரம் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலை கிளினிக் முடிஞ்சு தாயை ஏத்திக்கொண்டு வாசலாலை வெளியிலை வாறான். கொட்டுற மழை.

"நிப்பாட்டு மோனை" எண்டா தாய். "ஆரோ கண்ணாடியிலை தட்டுகினம்."

அவன் பாத்தான். ஒருத்தரும் இல்லை.

"கனபேர் தட்டுகினமடா. இஞ்சாலையும்... அங்காலையும்..."

அவன் மிதிச்ச மிதியிலை கார் சுன்னாகத்திலைதான் வந்து நிண்டுது. அங்கை ரோட்டுக்கரையிலை வைச்சுத்தான் தாய்க்கு எல்லாத்தையும் சொன்னான். செருப்பையும் கையிலை குடுத்தான். அவ அந்தக் கம்பியை விரலாலை தடவித் தடவிப் பாத்தா.

"அப்ப அந்த மனுசன் மழைக்குள்ளையோ நிக்குது? ஒற்றைச் செருப்போடை? நீ இவ்வளவு நாளும் என்னடா பாத்துக்கொண்டிருந்தனி? போய்க் கூட்டிக்கொண்டு வா."

அண்டைக்கு ராத்திரியே போனான்.

ஆஸ்பத்திரி வாசல். மழை. காவல்காரன் கூட்டுக்குள்ளை நித்திரை. ரோட்டு லைற்றுக்குக் கீழை மழைக் கோடு மட்டும்தான் தெரியுது. ஒரு சனம் இல்லை. ஆனா அவன் காரை நிப்பாட்டின உடனை... காரின்ரை கண்ணாடி எல்லாம் வெள்ளைப் புகார் படிஞ்சுது. உள்பக்கம் இல்லை. வெளிப்பக்கம். ஆக்கள் கிட்ட வந்து மூச்சு விட்ட மாதிரி.

இறங்கினான். பின்னாலை இடப்பக்கக் கதவைத் திறந்து பிடிச்சான். பேரைச் சொல்லிக் கூப்பிடவேணும். வாயைத் திறந்தான்.

"கதி..."

வரேல்லை. நாக்கு மடங்கேல்லை. நீங்களே யோசிச்சுப் பாருங்கோ. எங்களிலை ஆர் தேப்பனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறம்? ஆரும் கேட்டாக் கூட, இன்னாரின்ரை மோன் எண்டு மெல்லமாச் சொல்லுவம். முகத்துக்கு நேரை, "கதிரவேலு வா" எண்டு... செத்தாலும் வராது.

அழுகை வந்திட்டுது அவனுக்கு. மழைக்குள்ளை நிண்டுகொண்டு சொன்னான்:

"அப்பா... வாங்கோ அப்பா. வீட்டை போவம்."

சொல்லி முடிக்கேல்லை. ஸ்ஸ்ஸ். சீற் அமுங்கிச்சு. காரே ஒரு பக்கம் சரிஞ்சுது.

கதவைச் சாத்திப்போட்டு ஓடத் தொடங்கினான். மெல்ல. அண்டைக்கு வந்த அதே வேகம். கண்ணாடியிலை பின்பக்கம் பாக்கேல்லை. மூச்சு மட்டும் கேக்குது. நல்ல நிம்மதியான மூச்சு. "வீடு வந்திட்டுதோ" எண்டு கேப்பார் எண்டு பாத்துக்கொண்டே வாறான். கேக்கேல்லை. அவனாத்தான் சொன்னான்:

"அப்பா, இப்ப மருதனார்மடம்."

வாழைத்தோட்டம் வந்தது. உரும்பிராய்ச் சந்தி வந்தது. அப்பதான் பின்னாலை ஒரு குரல். மெல்லிசா. கரகரத்து.

"மோனை..."

"ஓமப்பா?"

"இது எந்த ஊர்?"

வயசுபோன மனுசன், இவ்வளவு நாளும் வெளியிலை நிண்ட மனுசன், மாறாட்டமாக்கும் எண்டு நினைச்சான். அப்பிடித்தான் நினைக்கவேணும் எண்டு நினைச்சான்.

வீட்டு வாசல்லை தாய் கிண்ணமும் கரண்டியுமா நிண்டா. கதவைத் திறந்தான். சீற் எழும்பிச்சு. ஈரக் காத்து ஒண்டு ரெண்டு பேரையும் தாண்டி உள்ளுக்கை போச்சு. தாய் நீட்டின கரண்டித் தண்ணி குறைஞ்சுது. அவன் கண்ணாலை கண்டவன். தாயும் மோனும் கட்டிப்பிடிச்சு அழுதினம். தேப்பன்ரை அறையிலை கட்டில் கிறீச்செண்டு சத்தம் கேட்டுது. அண்டைக்குத்தான் மயூரதன் மாதக் கணக்குக்குப் பிறகு நித்திரை கொண்டவன்.

விடிய எழும்பி வாறான். தாய் விறாந்தையிலை இருக்கிறா. முகம் ஒரு மாதிரி. காத்தை மணந்து மணந்து பாக்கிறா.

"தம்பி... அப்பா எப்ப சுருட்டுப் பத்தப் பழகினவர்?"

அவனுக்கும் மணந்துது. அறைக் கதவுக்குக் கீழாலை வருது. நல்ல காட்டமான கோடாச் சுருட்டு மணம். கதிரவேலு எண்ட மனுசன் தன்ரை ஆயுளுக்கும் சுருட்டைத் தொட்டதில்லை. பக்கத்திலை ஆரும் பத்தினாக் கூட எழும்பிப் போயிடுவார்.

காரடிக்கு ஓடினான். மீற்றர் நிக்கேல்லை. ராத்திரி அவன் போய் வந்ததுக்கு மேலாலையும் ஏறிக் கிடக்கு.

குருநகருக்குப் போனான். அடைக்கலநாதன் கேட்டது ஒண்டுதான்.

"பேர் சொன்னியோ?"

"அப்பா எண்டு கூப்பிட்டன் ஐயா."

மனுசன் கண்ணை மூடினார்.

"அங்கை நிக்கிறதிலை அரைவாசிப்பேர் ஆரோ ஒருத்தருக்கு அப்பாதானே ராசா. எந்தப் பிள்ளையும் வராத ஒருத்தர் ஏறிட்டார். கொப்பர் இன்னும் அங்கைதான் நிக்கிறார்."

ஐயரைக் கொண்டு வந்து பாத்தினம். சாம்பிராணி போட்டினம். அறை திறந்து கிடந்தது, ஒண்டும் இல்லை. ஐயர் படலை தாண்டினாரோ இல்லையோ, சுருட்டு மணம் திரும்பவும் வந்திட்டுது. ராத்திரியிலை இருமல். கட்டில் சத்தம். அதுக்கென்ன செய்யிறது? வாங்கோ எண்டு கூப்பிட்டு, கதவு திறந்து, தண்ணி குடுத்து ஏத்தின ஆளை எப்பிடிப் போ எண்டு சொல்லுறது?

ஒரு நம்பிக்கைதான் மிச்சம். அந்தப் பழைய நம்பர். அண்டைக்கு அப்பா வருவார்.

தைப் பொங்கல் கழிஞ்சு ஒரு நாள் பின்னேரம் பாத்தான். அந்த நம்பருக்கு இன்னும் நூறு கூட இல்லை. இண்டைக்கு ராத்திரிதான். வாசல் படியிலை அந்த இடது கால் செருப்பைத் துடைச்சு வைச்சான். வாசல் கதவை ஒருக்களிச்சுச் சாத்திப்போட்டு, கதவுக்குப் பின்னாலை நிலத்திலை இருந்தான். தாய் கிண்ணத்தையும் கரண்டியையும் மடியிலை வைச்சபடி சுவரோடை சாஞ்சு நித்திரையாப் போனா.

சாமம் போலை கார்க்கதவுச் சத்தம். டப்.

பிறகு முத்தத்து மண்ணிலை... சரக்... கொஞ்ச நேரம் ஒண்டுமில்லை... சரக்... ஒரு காலிலை மட்டும்தான் செருப்பு. மற்றது வெறுங்கால். ஒற்றைச் செருப்போடை நடந்து வாற மனுசன்ரை சத்தம் அது. அவன் காதைக் கதவோடை வைச்சான். பயம் இல்லை. சந்தோசம்.

சரக்... சரக்... படியடியிலை வந்து நிண்டுது.

கதவுக்கு அங்காலை இருந்து, மெல்லிசா:

"மோனை... வீடு வந்திட்டுதோ?"

எழும்பிட்டான். "ஓமப்பா" எண்டு சொல்ல வாயைத் திறந்திட்டான்.

அதுக்கு முதல், அவனுக்குப் பின்னாலை, அறைக்குள்ளை இருந்து, கரகரத்த குரல் ஒண்டு, நல்ல அன்பா, தேப்பன் மோனுக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லிச்சு:

"அங்கை ஆரும் இல்லை மோனை. நான் இஞ்சை இருக்கிறன். நீ படு."

வெளியிலை ஒரு சத்தமும் இல்லை. எவ்வளவு நேரம் எண்டு தெரியாது.

பிறகு... திரும்பிப் போற சத்தம். சரக், சரக், சரக், சரக்.

ரெண்டு காலிலும்.

கதவைத் திறந்து பாத்தான். படியிலை வைச்ச செருப்பைக் காணேல்லை.

...

ஹீற்றர் நிண்டு கனநேரம் ஆச்சு. டினேஸ்தான் மெல்லக் கேக்கிறான்:

"அப்ப மீற்றர்? அந்த நம்பரிலை நிண்டுதோ?"

எனக்கு அது தெரியாது. நான் கேள்விப்பட்டது இவ்வளவும்தான். நிருஷன்தான் யன்னல் பக்கம் பாத்தபடி சொன்னான். இவ்வளவு நேரத்துக்கு இப்பதான் வாய் திறக்கிறான்.

"தாண்டிட்டுது. பத்துக் கிலோமீற்றர். எங்கடை பெரியம்மா வீட்டிலை இருந்து திரும்ப ஆஸ்பத்திரி வாசல் மட்டும் உள்ள தூரம். அதுக்குப் பிறகு ஒரு நாளும் ஏறேல்லை."

கண்ணாடியிலை படிஞ்ச புகாரை விரலாலை துடைச்சான்.

"போன கிழமை பெரியம்மாவோடை போனிலை கதைச்சனான். பின்னாலை ஆரோ இருமிக் கேட்டுது. ஆர் பெரியம்மா வந்து நிக்கினம் எண்டு கேட்டன்."

"என்ன சொன்னவ?"

"'ஆரும் வரேல்லை மோனை. உன்ரை பெரியப்பா தான்' எண்டவ."